ஏழு பொய் வரைக்கும் பாஸ்

வேலம்பாளையம் லிங்கசாமிக்குப் பொய் சொல்ல வராது. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. சிலருக்கு நீச்சல் வராத மாதிரி, சிலருக்கு இந்தி வராத மாதிரி, அவருக்கு இது வரவில்லை, அவ்வளவுதான். பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக ஃபைனல் செக்கிங் பார்க்கிறவர். மேஜைமேல் பீஸை விரித்துப் போட்டு, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, "ரிஜக்ட்" என்று ஒதுக்கிப் போடுகிற வேலை. முதலாளியின் மச்சினன் தைத்துக்கொண்டு வந்தாலும் அம்பு ஒட்டுவார். அதனால்தான் இருபத்தெட்டு வருஷமாக அதே மேஜையில் இருக்கிறார்.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சினிமா. அதைவிடக் கெட்ட பழக்கம், படம் பார்த்துவிட்டு வந்து 'திரைத்தூறல்' இணையதளத்தில் சினிமாச் செய்திக்குக் கீழே கருத்துப் போடுவது. பன்னிரண்டு வருஷமாகப் போடுகிறார். அந்தப் பகுதியின் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒருவர் 'தலைவா, தெறி' என்பார். அடுத்தவர் முதலாமவரின் தாயாரைப் பற்றி விசாரிப்பார். மூன்றாமவர் வீட்டிலிருந்தபடியே லட்சக்கணக்கில் சம்பாதிக்க வழி சொல்வார். இந்தச் சந்தைக்கடைக்கு நடுவே லிங்கசாமி சொந்தப் பேரையும் ஊரையும் போட்டு, பனியனைப் பார்க்கிற கண்ணாலேயே படத்தையும் பார்த்து எழுதுவார். முதலில் செக்கிங் நோட்டில் பேனாவால் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகுதான் செல்போனில் ஏற்றுவார்.

'முதல் பாதி தையல் நேர். இடைவேளைக்குப் பிறகு நூல் தொங்குகிறது. சண்டை எக்ஸ்எல் அளவு, கதை எஸ் அளவு. ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம், துவைத்தால் சுருங்கும். - லிங்கசாமி, வேலம்பாளையம்.'

இதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரு ஜீவன் உண்டு. அதே கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் முனீஸ். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன். மனைவி கருத்தம்மா, இரண்டு பிள்ளைகள், லைன் வீட்டில் ஒரே அறை.

"அண்ணே, எனக்கு ஞாயித்துக்கெழமைங்கிறதே மாசத்துக்கு ஒண்ணுதேன். மிச்சமெல்லாம் ஓ.டி.ல போயிருது. அந்த ஒண்ணும் மொக்கப் படத்துல போச்சுன்னா கருத்தம்மா மறு மாசம் வரைக்கும் மொகத்தத் திருப்பிக்கிருவா. நீக பாஸ் போட்டாத்தேன் டிக்கெட்டு எடுப்பேன்."

ஆறு வருஷத்தில் முனீஸின் ஞாயிறு ஒன்றுகூட வீணானதில்லை. லிங்கசாமிக்கு வேறு பட்டமோ பதவியோ கிடையாது. தன் ஒற்றை ஞாயிற்றை ஒருவன் தன்னை நம்பி ஒப்படைக்கிறான் என்பதுதான் அவருடைய மொத்த அந்தஸ்து.

போன ஆடி மாதம் திரைத்தூறலில் ஓர் அறிவிப்பு வந்தது. வாசகர் கருத்துகளில் போலிகள் மலிந்துவிட்டன. எது மெய், எது பொய் என்று தெரியாமல் தமிழ்ச் சமூகம் தத்தளிக்கிறது. ஆகவே 'வாசகர் கருத்து நம்பகத்தன்மை உறுதி மையம்' திருப்பூரில் தொடங்கப்படுகிறது. இனிமேல் மையம் சோதித்து ஒப்புக்கொண்ட கருத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கும். மையத்தின் தலைவர் திரு. தரணீதரன்.

தரணீதரனை ஊருக்கே தெரியும். அவினாசி ரோட்டில் மூன்று மாடி வைத்து வெளிநாட்டுக்கு பனியன் அனுப்பியவர். ஆர்டரெல்லாம் வேறு தேசத்துக்குப் போய்விட, மூன்று மாடியும் செக்கிங் மேஜையும் டியூப் லைட்டுமாகக் காலியாகக் கிடந்தன. சோதிக்கிற மேஜையில் எதைப் போட்டுச் சோதித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தொழிலதிபர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

செய்தியைப் படித்து உலகத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் லிங்கசாமிதான். "கடைசில கருத்துக்கும் செக்கிங்னு ஒண்ணு வந்துச்சு பாத்தயா" என்று மனைவி சித்ரகலாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அன்றைக்கு வந்த படத்துக்கு வழக்கம்போலக் கருத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. கீழே ஒரு வரி: 'இவரது நம்பகத்தன்மை உறுதி செய்யப்படவில்லை. வாசகர்கள் சொந்தப் பொறுப்பில் படிக்கவும்.'

சித்ரகலா எட்டிப் பார்த்தாள். "அப்ப இருவத்தாறு வருசமா எம்பட கொழம்பு நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே, அதையும் எம்பட சொந்தப் பொறுப்புலதான் நம்புனனுங்களா?"

கம்பெனியில் இன்னும் மோசம். கட்டிங் மாஸ்டர் ரிஜக்ட் ஆன பீஸைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏனுங் லிங்கண்ணா, இது சொந்தப் பொறுப்புல ரிஜக்டுங்களா, உறுதி செஞ்ச ரிஜக்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முனீஸ் மட்டும் சிரிக்கவில்லை. "என்னண்ணே, செவப்புக் கோடு போட்டுப்புட்டாய்ங்க?" என்று சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். லிங்கசாமிக்கு அந்தச் சொறிதல்தான் தாங்கவில்லை. அடுத்த நாளே அரை நாள் லீவு போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனார்.

வரவேற்பு மேஜையில் நித்யஸ்ரீ இருந்தாள். அவள் ஒருவரை 'அண்ணா' என்று கூப்பிட்டால் அவருக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லாத குறை தீர்ந்துபோகும்.

"வாங்கண்ணா, உக்காருங்கண்ணா. தண்ணி குடிக்கறீங்களாண்ணா? நீங்க நம்பகமில்லாதவருங்களாண்ணா?"

"இல்லீங்க அம்மணி. அப்பிடிப் போட்டிருக்குது. அதைக் கேக்கத்தான் வந்தனுங்க."

"அப்பிடித்தாண்ணா எல்லாருமே சொல்லீட்டு வருவாங்க" என்று அவள் ஆதரவாகச் சிரித்தாள். நான்காம் படிவத்தை எடுத்து வைத்தாள். "படம் பாத்ததுக்குச் சான்று?"

லிங்கசாமி டிக்கெட்டைக் கொடுத்தார்.

"இது டிக்கெட் வாங்குனதுக்குச் சான்றுங்ண்ணா. பாத்ததுக்கு?"

"உள்ள போயி உக்காந்தனுங்க அம்மணி."

"உக்காந்தீங்க, சரிங்ண்ணா. முழிச்சிருந்தீங்களா?"

லிங்கசாமி யோசித்தார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஒன்பதாம் விதிப்படி, கருத்தாளர் படம் முழுக்கக் கண் திறந்திருந்தார் என்று பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இத்தனை கறாராக ஒரு செக்கிங்கா! அவருக்கு உள்ளுக்குள் மரியாதை வந்துவிட்டது. "இப்பிடித்தானுங்க இருக்கோணும்" என்று மனசாரச் சொல்லிவிட்டு, படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதே படத்தை மறுபடி போய்ப் பார்த்தார். வலப்பக்கம் காலி. இடப்பக்கம் பீகாரிலிருந்து வந்து சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன். இடைவேளையில் லிங்கசாமி படிவத்தை நீட்டி, தன் கண்ணை விரலால் அகட்டிக் காட்டி, "பையா, சைன்" என்றார். அவன் எதற்கென்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, கூடவே பர்ஸிலிருந்து ஆதார் நகல் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தான். இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அதைக் கொடுத்தே பழகியவன்.

நித்யஸ்ரீ படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாட்சிக்காரருக்கு டிக் இருக்குதுங்களாண்ணா? நம்பகமில்லாதவங்க சாட்சி சொல்லி இன்னொரு நம்பகமில்லாதவரு நம்பகமாக முடியாதுங்களே."

"அந்தப் பையனுக்குத் தமிழே தெரியாதுங்க அம்மணி. படத்தையே சும்மா ஏசிக்காகப் பாத்துட்டு இருந்தான்."

"அட, அது பரவால்லீங்ண்ணா. தமிழ் தெரியாதவங்க நெறையப் பேருக்கு நாங்க டிக் குடுத்திருக்கறோம். படம் பாக்காதவங்களுக்கும் குடுத்திருக்கறோம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க பிரச்சினை வேறீங்ண்ணா. நீங்க ஒண்டியா வர்றீங்க. அதான் சிக்கல். உள்ள வந்து பாருங்க, புரியும்."

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லிங்கசாமிக்குத் தன் கம்பெனிக்குள்ளேயே நுழைந்த மாதிரி இருந்தது. அதே நீள மேஜைகள், அதே வெளிச்சம், அதே அம்பு ஸ்டிக்கர். துணிக்குப் பதிலாகக் காகிதம். ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு கருத்து அச்சடித்திருந்தது. பெண்கள் வரிசையாக நின்று கருத்தை விரித்து, ஓரத்தை இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மடித்து அடுக்கினார்கள்.

"படக் கம்பெனிக்காரங்க ஆயிரத்தைநூறு கருத்து ஒரு லாட்டா அனுப்புவாங்கண்ணா. நாங்க அதுல நூத்தி இருவத்தஞ்சு எடுத்துப் பாப்போம். ஏழு பொய் வரைக்கும் பாஸ். எட்டாவது பொய் வந்தாத்தான் லாட் ரிஜக்ட்."

கணக்கு லிங்கசாமிக்கு அத்துப்படி. ஏற்றுமதி பனியனுக்கு வெள்ளைக்காரன் போட்ட அதே கணக்கு. "பனியன்ல ஏழு பீஸ் நூல் தொங்குனா அனுப்பலாமுங்க. பொய்யி..."

"பொய் மைனர் டிஃபெக்டுங்ண்ணா."

"மேஜருங்க?"

"எழுத்துப் பிழை."

"ஒரே ஒரு பீஸ் இருந்தாலும் லாட்டையே நிறுத்தற டிஃபெக்ட் ஒண்ணு இருக்குமுங்களே. துணில ஊசி மாட்டியிருக்கற மாதிரி?"

"படம் நல்லா இல்லைங்கறதுங்ண்ணா" என்றாள் நித்யஸ்ரீ, ஊசியைப் பார்த்துப் பயந்த முகத்தோடு.

அப்போதுதான் தரணீதரன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பச்சை டிக் குத்திய பேட்ஜ். விஷயத்தைக் கேட்டார். லிங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் போல ஆளுகளுக்காகத்தானுங்க இதை ஆரம்பிச்சதே. ஒரு பேச்சு சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் நெனைக்கறாங்க, நாங்க பொய்யைப் புடிக்கறவங்கன்னு. புடிச்சு என்னங்க பண்றது? எங்க கொண்டுபோயி வெக்கறது? எங்க வேலை அது இல்லீங்க. பொய்யி ஒரே சீரா இருக்கோணும். ஒரு பக்கம் பொய்யி, ஒரு பக்கம் நெசம், நடுவுல அரைகுறைன்னு கலந்து வந்தா வாசகன் கொழம்பிப் போறான். அவனுக்கு எதையாவது ஒண்ண நிம்மதியா நம்போணும், அவ்வளவுதான். அந்த நிம்மதியைத்தான் நாங்க தயாரிக்கறமுங்க. நெசமுங்கறது ஒரு ஃபினிஷிங்தானுங்க. நல்ல அயர்ன் போட்டா எந்தத் துணியும் நல்ல துணிதான்."

மேஜையிலிருந்த பெண்கள் கை தட்டினார்கள். தட்டிவிட்டு அம்பு ஒட்டப் போனார்கள்.

லிங்கசாமிக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியும் பிடிக்கவில்லை. ஆனால் பெரிய மனிதர் கையைப் பிடித்திருக்கிறார். "என்ற கருத்துக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார்.

"ஒத்தைக் கருத்தைச் சோதிக்க விதி இல்லீங்க. பழசு ஏதாச்சும் இருக்குதுங்களா? மொத்தமா லாட்டாப் பாத்தறலாம்."

"நோட்டு இருக்குதுங்க. பன்னெண்டு வருசத்து நோட்டு, ஒம்பது."

தரணீதரனும் நித்யஸ்ரீயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை லிங்கசாமி அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஒன்பது நோட்டையும் பனியன் துணியில் சுற்றி டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அறுநூற்றுச் சில்லறை கையெழுத்து. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் நித்யஸ்ரீ படித்துப் படித்து வியந்தாள். "'துவைத்தால் சுருங்கும்'! எப்பிடிங்ண்ணா இப்பிடியெல்லாம் தோணுது? படிச்சா அப்பிடியே நம்போணும் போல இருக்குதுங்ண்ணா. இதுதாண்ணா எங்களுக்கு வேணும்." நடுவில் டீயும் தேங்காய் பன்னும் வந்தன. பன்னிரண்டு வருஷத்தில் அவர் நோட்டைப் படித்து ஒருவர் ரசித்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வரும்போது வழியில் இருந்த எல்லா மேடு பள்ளமும் சமமாகத் தெரிந்தது.

ஆயுதபூஜைக்கு ஒரு பெரிய படம் வந்தது. நாயகன் குதிரையிலேயே வருவார், குதிரையிலேயே காதலிப்பார், கடைசியில் குதிரை பேசும். கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. லிங்கசாமியால் முதல் வாரம் பார்க்க முடியவில்லை. முனீஸுக்கோ அந்த வாரம்தான் மாதத்தின் ஒற்றை ஞாயிறு.

திங்கட்கிழமை ஓவர்லாக் மேஜையில் முனீஸ் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தான். டீ நேரத்தில் லிங்கசாமி தானாகப் போய் நின்றார்.

"ஏப்பா முனீசு, படத்துக்குப் போனயா?"

"போனோம்."

"எப்பிடி?"

"குதுர பேசுச்சு." நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "சின்னது அழுதுருச்சு. கருத்தம்மா இன்னும் பேசல."

"நான்தான் இன்னும் பாக்கலைன்னு சொன்னனே கண்ணு. ஆரைக் கேட்டுப் போன?"

முனீஸ் செல்போனை எடுத்துக் காட்டினான். குதிரைப் படச் செய்திக்குக் கீழே பச்சைப் பசேலென்று டிக்குகள்.

'முதல் பாதி தையல் நேர். இடைவேளைக்குப் பிறகும் நூல் தொங்கவில்லை. எத்தனை தடவை துவைத்தாலும் சுருங்காது. - சென்னம்மாள், உடுமலைப்பேட்டை.'

'குடும்பத்துக்கு எக்ஸ்எல். பிள்ளைகளுக்கு எஸ். எல்லோருக்கும் அளவாக இருக்கிறது. - அருள்செல்வன், குன்னத்தூர்.'

லிங்கசாமி தள்ளித் தள்ளிப் பார்த்தார். தையல், நூல், துவைப்பு. நாமக்கல்லிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, துபாயிலிருந்து. ஆயிரத்தைநூறு பேர் அவர் வாயால் பேசிக்கொண்டிருந்தார்கள். தன் குரலை அடுத்த வீட்டு ரேடியோவில் கேட்டவர் மாதிரி நின்றார்.

"பேரு வேற, பேச்சு உங்க பேச்சுண்ணே" என்றான் முனீஸ். "அதேன் நம்பிப் போயிட்டேன். நீகளே பேரு பேரா எழுதுறீகளோன்னு கருத்தம்மா கேக்குறா. நாங் கேக்கலண்ணே. அவதேன் கேக்குறா."

பிறகு அவன் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டான். ஓவர்லாக் ஓடும் சத்தத்தில் பதில் சொல்ல முடியாது.

அன்று மாலையே லிங்கசாமி குதிரைப் படத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்து அம்பையெல்லாம் ஒட்டினாலும் போதாத படம். உண்மையை எழுதிப் போட்டார். பதில் வந்தது: 'தங்கள் கருத்து, ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட 1,500 கருத்துகளின் தரம் குறைந்த நகல் என்று கண்டறியப்பட்டுள்ளது. விளக்கமளிக்க நேரில் வரவும்.'

விசாரணை தரணீதரன் அறையில் நடந்தது. அவர் முகத்தில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "என்னங்க லிங்கசாமி, நீங்க போயி காப்பி அடிக்கலாமுங்களா?"

"காப்பிங்களா? அது என்ற பேச்சுங்க! என்ற நோட்டு எங்கீங்க?"

நித்யஸ்ரீ சுவரைக் காட்டினாள். ஒன்பது நோட்டும் ஒரு கண்ணாடிக் கவருக்குள், அரக்கு முத்திரை வைத்து, ஆணியில் தொங்கின. மேலே அட்டை: 'ஒப்புக்கொண்ட சாம்பிள். கை வைக்காதீர்.'

 அந்த அட்டை லிங்கசாமிக்குப் புதிதில்லை. எந்தக் கம்பெனியிலும் ஆர்டர் கொடுத்தவன் ஒரே ஒரு பனியனை ஒப்புக்கொண்டு சீல் வைத்துவிட்டுப் போவான். அதைப் பார்த்து, அதே மாதிரி, லட்சக்கணக்கில் தைப்பார்கள்.

"எதுக்கு மொகம் சுண்டிப்போச்சுங்க?" என்றார் தரணீதரன். "இது உங்களுக்குப் பெருமைங்க. பன்னெண்டு வருசம் ஒரு பொய்கூடச் சொல்லாத ஆளுடைய சாம்பிள் இந்தியாவுலயே எங்ககிட்ட மட்டும்தான் இருக்குதுங்க. பொய்க்காரங்க பேச்சை மாதிரியா வெச்சுத் தெச்சா எவன் நம்புவான்? நம்பறாப்பல பொய் சொல்லோணும்னா மொதல்ல ஒரு நெசமான ஆளு வேணுமுங்க. எத்தனை நாள் தேடுனோம் தெரியுங்களா? நீங்களா நடந்து வந்தீங்க. நாங்க சாமி கும்புட்டது வீண் போகலை."

"என்னைய நம்ப வெச்சு வாங்குனீங்களே அம்மணி" என்றார் லிங்கசாமி, நித்யஸ்ரீயைப் பார்த்து.

"நான் சொன்னதெல்லாம் நெசம்தாண்ணா" என்றாள் அவள். அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "எனக்கு அந்த எழுத்து ரொம்பப் புடிச்சுப் போச்சுங்ண்ணா. இப்பப் படக் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கறதும் நாங்கதாண்ணா. தினம் அதைப் பாத்துத்தான் எழுதறேன். நாப்பது பேருக்கு நான் ஒருத்தியே எழுதறனுங்ண்ணா. சென்னம்மாள் நாந்தான்."

"நோட்டைத் திருப்பிக் குடுங்க."

தரணீதரன் நிதானமாகக் கேட்டார்: "சீல் வெச்ச சாம்பிளைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் எந்தக் கம்பெனிலீங்க இருக்குது? நீங்களே சொல்லுங்க."

 இதே வார்த்தையை லிங்கசாமியே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"அப்ப என்ற கருத்து?"

"அது சாம்பிளுக்கு மாறுதுங்களே. சாம்பிள்ல இருக்கற ஆளு இப்ப எல்லாப் படத்தையும் பாராட்டறாரு. நீங்க மட்டும் கொறை சொல்றீங்க. ஆயிரத்தைநூறு லிங்கசாமி ஒரு பக்கம், ஒரு லிங்கசாமி ஒரு பக்கம். சோதனைக்காரன் எந்தப் பக்கமுங்க அம்பு ஒட்டுவான்?"

லிங்கசாமி வாழ்க்கையில் முதல் தடவையாக மேஜையைத் தட்டினார். "என்ற வாயில இருந்து புடுங்குன பேச்சு, எவனெவன் பேர்லயோ ஊரெல்லாம் திரியுது! முனீசு என்ற மொகத்தைப் பாக்க மாட்டீங்கறான்! ஆரு பேச்சோ அவங்க பேர்லதானுங்க வரோணும்? நாயமுன்னு ஒண்ணு இல்லீங்களா?"

 தரணீதரன் தலையை ஆட்டினார். "நாயமான பேச்சுங்க. நித்யா, குறிச்சுக்க கண்ணு." நித்யஸ்ரீ புகார்ப் படிவத்தில் எழுதினாள்: 'குறை: கருத்து ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது. தீர்வு: ஏழு வேலை நாட்களில்.' வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். இத்தனைக்குப் பிறகும் லிங்கசாமி அதை நம்பினார். பொய் சொல்ல வராதவர்களின் பெரிய வியாதி இதுதான், அடுத்தவருக்கும் வராது என்று நினைத்துக்கொள்வது.

முனீஸிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். அவன் "சரிண்ணே" என்றான். அந்த 'சரி'யில் பாதி சரிதான் இருந்தது.

ஏழாவது வேலை நாளில் செல்போனுக்குச் செய்தி வந்தது: 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது. மையத்தின் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கவும்.'

எப்படித் தீர்த்தார்கள் என்பது அடுத்த மாதப் படத்துக்குத்தான் தெரிந்தது. அது குதிரைப் படத்தின் இரண்டாம் பாகம். லிங்கசாமி வெள்ளிக்கிழமையே போய்ப் பார்த்தார். இதில் குதிரை பாடியது. வெளியே வந்து புது நோட்டில் இரண்டு பக்கம் எழுதினார். ஷிப்மென்ட் வேலையில் சனிக்கிழமை ஓடிப்போயிற்று. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கருத்துப் போடலாம் என்று திரைத்தூறலைத் திறந்தார்.

ஆயிரத்தைநூறு கருத்து. ஆயிரத்தைநூறு டிக். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே லேபிள்: லிங்கசாமி, வேலம்பாளையம். லிங்கசாமி, வேலம்பாளையம். லிங்கசாமி, வேலம்பாளையம்.

சித்ரகலா எட்டிப் பார்த்து, "ஆரோ உங்க பேர்ல கருமாதிப் பத்திரிகை அடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு முனீஸ் ஞாபகம் வந்தது. இன்றைக்கு அவனுடைய ஞாயிறு. போன் போட்டார், எடுக்கவில்லை. டிவிஎஸ் ஃபிப்டியை உதைத்தார்.

தியேட்டர் வாசலில் பதினோரு மணி ஆட்டத்துக்குக் கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கருத்தம்மா தலை நிறையப் பூ வைத்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் புதுச் சட்டை. முனீஸ் அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் பல்.

"அண்ணே! டிக்கு வந்துருச்சேண்ணே! உங்க பேரப் போயிச் சந்தேகப்பட்டோமேன்னு நேத்துலருந்து கருத்தம்மாளுக்கு ஒரே வருத்தம். ஆயிரத்தைநூறு தடவ எழுதியிருக்கீகளே! நீக ஒரு படத்த ரெண்டு தடவ பாராட்டியே நாம் பாத்ததில்ல. அம்புட்டு நல்லாவா இருக்கு?"

"போகாத முனீசு. அது நான் எழுதுனது இல்ல. படம் குப்பை. வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன்."

முனீஸ் சிரித்தான். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. "உங்க பேருதானண்ணே போட்டிருக்கு?"

"பேரு என்றதுதான். எழுதுனது அவங்க. நான் சொன்னனே கண்ணு, அந்த நோட்டு..."

"அப்ப, 'இது நானில்ல'ன்னு அதுலயே போட்டுருங்கண்ணே. நானும் பாத்துக்கிருறேன்."

அந்த இடத்திலேயே, வெயிலில், லிங்கசாமி செல்போனில் தட்டினார்: 'இவை எதுவும் நான் எழுதியதல்ல. படம் மோசம். - லிங்கசாமி, வேலம்பாளையம்.' இந்தத் தடவை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முனீஸும் குனிந்து அவர் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பதிலை அவன்தான் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

'லிங்கசாமி, வேலம்பாளையம் என்ற பெயரில் நம்பகத்தன்மை உறுதி செய்யப்பட்ட வாசகர் ஏற்கெனவே உள்ளார். ஆள்மாறாட்டம் தண்டனைக்குரியது.'

உள்ளே மணி அடித்தது. சின்னது அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தது. கருத்தம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு கதவைப் பார்த்து நின்றாள். முனீஸ் குனிந்து சின்னதின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். அவன் நிமிர்ந்தபோது பேச்சில் எப்போதும் இருந்ததைவிட மரியாதை கூடியிருந்தது.

"கோவிச்சுக்கிறாதீகண்ணே. டிக்கு இருக்கிற உங்கள நம்பவா, டிக்கு இல்லாத உங்கள நம்பவா? எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல."

நான்கு பேரும் உள்ளே போனார்கள். வாசலில் நின்றவர் நான்கு டிக்கெட்டையும் சரிபார்த்துக் கிழித்துக் கொடுத்தார்.